வெள்ளிக்கிழமைக்காரர்

மார்ச் 3, செவ்வாய்

என் பட்டத்து யானைக்கு இன்று வைத்தியர் வந்து போனார். யானை என்பது கடையின் பின்னறையை முக்கால்வாசி அடைத்துக்கொண்டு படுத்திருக்கும் பெரிய போட்டோ பிரிண்டர். வைத்தியர் என்பது சர்வீஸ்காரர். பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சிரிக்காத மனிதர்.

முன்பக்கத்தில் இருக்கும் சின்ன மெஷின் அடையாள அட்டைப் படங்களாகத் துப்பிக்கொண்டே இருக்கிறது. சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பெரிய படம் கேட்கிறவர்கள்தான் அருகிப்போனார்கள். யானை வாரக்கணக்கில் தூங்கியது. போன வாரம் தையல்காரரின் குடும்பப் படத்துக்காக எழுப்பினேன். அத்தனை பேரும் ஆற்றிலிருந்து தூக்கிப் போடப்பட்டவர்கள் மாதிரி வெளிறி வந்தார்கள். தையல்காரர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இதுல யார் யார் உயிரோட இருக்கோம்?" என்றார். (தெருவுக்கே நான் சித்தப்பா. சொந்தத்தில் ஒரு அண்ணன்கூட இல்லாத சித்தப்பா உலகத்திலேயே நான் ஒருவன்தான்.)

சர்வீஸ்காரர் ஒரு பழைய இங்க் கார்ட்ரிட்ஜை அறுத்துக் காட்டினார். அடியில் சேறு. மேலே ஏதோ நிறத்தில் தண்ணீர்.

"இது சாயத்தண்ணி இல்ல, சித்தப்பா. தூளு. தண்ணில மிதக்கிற தூளு. சும்மா விட்டா அடியில போய் உக்காந்துக்கும். மேல இருக்கிறது தெளிஞ்சு போச்சுன்னா முகம் வெளுக்கும். அடியில இருக்கிறது வந்துச்சுன்னா இங்க் துப்புற ஹெட்டு அடைச்சுக்கும்."

"என்ன செய்யணும்?"

"கழட்டி, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மெதுவா சாயுங்க. வாரம் ஒரு தடவை எல்லாக் கலரும் இருக்கிற படம் ஒண்ணு போடுங்க. சுவத்து சுவிட்சைத் தட்டி அணைக்காதீங்க, மெஷின்ல இருக்கிற சுவிட்சை அமுக்குங்க. அவ்ளோதான்."

நான் ஏற்கெனவே வைத்தியம் பார்த்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. என் வீட்டுக்காரி தெருமுனை மருந்துக்கடையில் இருக்கிறாள். "எங்க கடையில பாதி பாட்டில்ல எழுதியிருக்கே, குலுக்கி உபயோகிக்கவும்னு" என்று அவள் சொன்னதை நம்பி, கார்ட்ரிட்ஜைப் பேய் பிடித்தவன் போலக் குலுக்கினேன். உள்ளே நுரை கட்டியது. அடுத்த படத்தில் தையல்காரரின் நெற்றியில் வெள்ளை வெள்ளையாக மூன்று கோடுகள். மெதுவாக. மெதுவாக என்று எழுதி யானையின் நெற்றியில் ஒட்டியிருக்கிறேன்.

மார்ச் 5, வியாழன்

பச்சைக் குடையோடு ஒரு பெண் வந்தாள். முப்பது, முப்பத்தைந்து இருக்கும். போனில் ஒரு படம் காட்டினாள். நரைத்த புருவம், நீலக் கட்டம் போட்ட சட்டை, கழுத்தில் சிவப்பு மஃப்ளர், பின்னால் மஞ்சள் சுவர். எதையோ கேட்டுவிட்டு மறந்துபோன மாதிரி முகம்.

"பெருசா போடணும், சார். முகம் தெளிவா தெரியணும்."

"யாரும்மா இது?"

"அப்பா. தவறிப் போயிட்டார்."

ஆறுதல் சொல்வதில் நான் சக்கரவர்த்தி. கலங்காதே என்றேன். நல்ல முகம் என்றேன். கடைக்கு வந்தவர்கள் யாரும் கேட்காமலே நான் செய்து கொடுக்கும் சில உபகாரங்கள் உண்டு. அதில் ஒன்றை இவருக்கும் செய்வது என்று அப்போதே தீர்மானித்துவிட்டேன்.

மார்ச் 7, சனி

மஞ்சள் சுவரை எடுத்துவிட்டு அவருக்குப் பின்னால் மேகம் வைத்தேன். சாதாரண மேகம் இல்லை. அப்படி ஒரு மேகத்தை வானமே இன்னும் பார்த்திருக்காது. தலைக்குப் பின்னால் லேசாக ஒளி.

அவள் வந்தாள். பார்த்தாள்.

"பின்னால என்ன இது?"

"மேகம்மா."

கையில் வாங்கவில்லை. மேஜை மேல் இருந்த படத்தை அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்புறம் வர்றேன்" என்று போய்விட்டாள். துக்கம். வரட்டும், மெதுவாக வரட்டும். போன் நம்பர் வாங்கி வைக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

வாரப் படத்துக்கு ஆள் தேடினேன். எல்லா நிறமும் வேண்டும். தோல் நிறம் முக்கியம், முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். அலசிப் பார்த்ததில் அந்தப் பெண்ணின் அப்பாவை மிஞ்ச ஆள் இல்லை. கறுப்பு, வெள்ளை, நடுவில் நரை, நீலம், சிவப்பு, மஞ்சள். ஒரே மனிதரிடம் மொத்த யானையும் தீனி தின்னலாம். மேகத்துக்கு இங்க்கே செலவாகாது என்பதால் அவள் கொடுத்த மூலப்படத்தையே போட்டேன்.

அற்புதமாக வந்தார். குப்பையில் போட மனம் வரவில்லை. கடை முகப்புக் கண்ணாடிக்குள் பல காலமாக வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்த குழந்தைப் படத்தை எடுத்துவிட்டு, தெருவைப் பார்க்க அவரை வைத்தேன். எதிரே பேருந்து நிறுத்தம். நாலு பேர் பார்க்கட்டும்.

மார்ச் 14, சனி

வீட்டுக்காரி சாப்பாடு கொண்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "யார் வீட்டுச் சாவோ அது. நீங்க எதுக்குத் தட்டி எழுப்பறீங்க?"

மார்ச் 27, வெள்ளி

அவருக்குப் பெயர் வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமைக்காரர். காலையில் கார்ட்ரிட்ஜ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, தொட்டில் ஆட்டுவது போல ஆட்டி, மாட்டி, அவரை வரவழைக்கிறேன். தலையிலிருந்து கீழே வருவார். முதலில் முடி, பிறகு புருவம், பிறகு கண். கண் வந்ததும் நான் எழுந்து முன்பக்கம் போய்விடுகிறேன். வேலை இருக்கிறது என்று. வேலை ஒன்றும் இல்லை.

பழையவர் மேஜை இழுப்பறைக்குப் போகிறார். புதியவர் கண்ணாடிக்கு.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னறையில் மெஷின் தானாக எழுந்து ஒரு இழுப்பு இழுத்து, ஒரு மூச்சு விட்டு, அடங்குகிறது. ஹெட்டைத் தானே சுத்தம் செய்துகொள்கிறதாம். தெரியும். ஆனாலும் சோற்றில் கை நின்றுவிடுகிறது.

ஏப்ரல் 10, வெள்ளி

இடுப்புப் பிடிப்பு. போன வெள்ளிக்கிழமை கடையே திறக்கவில்லை. இன்று திறந்தும் தொட்டில் ஆட்ட முடியவில்லை. அப்படியே போட்டேன். வெளிறி, உதடு நீலம் பாய்ந்து வந்தார். கண் மட்டும் அதே கண். சரி, ஒரு வாரம்தானே என்று கண்ணாடிக்குள் வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

இருட்டுகிற நேரம். உள்ளே விளக்கை அணைத்துவிட்டு ஷட்டரை இறக்கப் போனேன். கண்ணாடியில் வெள்ளிக்கிழமைக்காரரின் முகத்தின் மேலேயே இன்னொரு முகம். அவர் கண்ணுக்குள் இரண்டு கண். அசைந்தது. இந்த ஊர் முழுக்கக் கேட்கும்படி நான் அலறியிருக்க வேண்டும், ஆனால் விளக்கு சுவிட்சைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

வெளியே பச்சைக் குடை. கண்ணாடியில் மூக்கு பட நின்றிருந்தாள்.

கதவைத் திறந்தேன். உள்ளே வரவில்லை. "சார், ஒண்ணு கேக்கலாமா? பஸ்ல இருந்து தினம் பாக்கறேன். போன வாரம் வரைக்கும் நல்லா இருந்தாரே. இப்போ ஏன் இப்படி வாடிட்டார்?"

என்ன சொல்வது? தூள் அடியில் உட்கார்ந்துவிட்டது என்றா? அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை. என் வாய் என்றைக்கு என் அனுமதியைக் கேட்டிருக்கிறது? "லேசா ஜுரம்மா" என்றது. "வெள்ளிக்கிழமைக்குள்ள தேவலையாயிடும்."

டாக்டர் சொல்வதைக் கேட்பவள் போலத் தலையாட்டினாள். போய்விட்டாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

இடுப்பு போனால் போகட்டும் என்று ஆட்டினேன். வாக்குக் கொடுத்தாயிற்றே. நிறம் திரும்பியது. பேருந்து போனபோது கண்ணாடியோரம் நின்று பார்த்தேன். ஜன்னலோரத்தில் அவள். சிரித்த மாதிரி இருந்தது.

ஏப்ரல் 24, வெள்ளி

அவள் கடைக்குள் வந்தாள். நாற்காலி போட்டேன். "இப்போ சாப்பிடறாரா?" என்றாள். நன்றாகச் சாப்பிடுகிறார் என்றேன். "தூக்கம்?" அதுவும் என்றேன். "சித்தப்பான்னுதானே எல்லாரும் கூப்பிடறாங்க உங்களை" என்றாள்.

செத்தவர்களைப் பற்றி இப்படிப் பேசிக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு விளையாட்டு. இரண்டு பேரும் தெரிந்தே ஆடுகிற விளையாட்டு. இதில் யாருக்கு என்ன கெடுதல்?

மே 8, வெள்ளி

இன்று நான் சிகரத்தைத் தொட்டேன். வெள்ளிக்கிழமைக்காரர் காலையில் நடை பழகுகிறார், பக்கத்தில் இருப்பவர்களோடு சீட்டாடுகிறார், தோற்றால் கோபித்துக்கொள்கிறார். அவள் வாய் விட்டுச் சிரித்தாள். "அவர் சீட்டே தொட மாட்டாரே, சித்தப்பா." இப்போது கற்றுக்கொண்டார் என்றேன்.

மே 9, சனி

வீட்டுக்காரி நேற்று அவள் பேசியதைக் கேட்டிருக்கிறாள். "செத்தவரைப் பத்திக் கேக்கற குரலா அது?" என்றாள். இழுப்பறையில் அவர்கள் அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் படுத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு நாள் பூராவும் போகவில்லை. அந்த மேஜையில் உட்கார்ந்து எழுத முடியாமல் முன்பக்கம் வந்து எழுதுகிறேன்.

மே 15, வெள்ளி

எழுதித்தான் ஆக வேண்டும்.

அவள் வந்தாள். அவளைத் தேற்றலாம் என்று, "மேல போனவங்களுக்கு என்னம்மா குறை? நிம்மதியா இருப்பார்" என்றேன்.

"மேலயா?" என்றாள்.

"ம்."

"யார் சொன்னாங்க?"

"நீதானேம்மா சொன்னே. தவறிப் போயிட்டார்னு."

அவள் எழுந்தாள். குடை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. "ஆமா. தவறிப் போயிட்டார். காலைல செருப்பை மாட்டிக்கிட்டு வெளிய போனவர் திரும்பலை. அவருக்கு ஞாபகம் நிக்காது. தேடறதுக்குத்தான் உங்ககிட்ட படம் கேட்டேன். நீங்க மேகத்துல உக்கார வச்சீங்க."

நான் கண்ணாடியில் இருந்த அவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னிக்கு அதைத் தூக்கிட்டுத் தெருத்தெருவா போயிருந்தா எல்லாரும் என்ன நினைச்சிருப்பாங்க? என்னால கைல வாங்க முடியலை. ஆபீஸ்ல கறுப்பு வெள்ளைல போட்டு ஒட்டினேன், மழைல கரைஞ்சு போச்சு. அப்புறம் பஸ்ல போறப்போ பாத்தா உங்க கண்ணாடில அப்பா. மேகம் இல்ல. எங்க வீட்டுச் சுவர். அதே படம்னு எனக்குத் தெரியாதா, சித்தப்பா? அதே சட்டை, அதே மஃப்ளர். ஆனா வாரா வாரம் முகம் மாறுதே. நீங்க வேற ஜுரம்னீங்க. தேவலைன்னீங்க. இந்தக் கடைக்காரருக்கு ஏதோ தெரியும்னு நினைச்சேன். எங்கேயோ இருக்கார், யாரோ சோறு போடறாங்க, இவர் வெளிய சொல்ல முடியாம இப்படிச் சொல்றார்னு. நான் தேடறதையே விட்டுட்டேன்."

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

"எங்க இருக்கார்?"

தெரியாதும்மா என்றேன். ஒண்ணுமே தெரியாதும்மா. எல்லாம் இங்க்தான்.

குனிந்து குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 16, சனி

கடை திறக்கவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன். "அந்த மெஷினுக்கு வாரா வாரம் ஹெட்டைச் சுத்தம் பண்றீங்களே, உங்க வாய்க்கு யார் பண்றது?" என்றாள். பிறகு தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

எனக்கே நான் சொல்லிக்கொண்டது என்ன? யாருக்கு என்ன கெடுதல்? – ஒரு மனுஷன் ரோட்டுல நிக்கிறான். வழி தெரியல, பேர் தெரியல. அவன் பொண்ணு பஸ்ல உக்காந்து சிரிச்சுக்கிட்டுப் போறா. நான் சிரிக்க வச்சேன்.

மே 17, ஞாயிறு

கண்ணாடியிலிருந்து அவரை எடுக்கப் போனேன். எடுக்க முடியவில்லை. திருப்பி வைக்கவும் முடியவில்லை. முதுகைக் காட்டி நிற்கவும் முடியவில்லை. என்னதான்யா வேணும் உனக்கு.

மே 19, செவ்வாய்

வருவாள் என்று நினைக்கவில்லை. வந்து, "வாரா வாரம் எப்படி மாறிச்சு, காட்டுங்க" என்றாள்.

இழுப்பறையைத் திறந்து அத்தனை பேரையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினேன். ஒருவர் சிவந்து, ஒருவர் பசேலென்று பச்சை தட்டி, ஒருவர் வெளிறி, நாலைந்து பேர் சரியாக. ஒரே பார்வை பார்க்கிற அத்தனை அப்பாக்கள். அவள் வெளிறியவரின் கன்னத்தில் விரலை வைத்தாள்.

"இதுதான் ஜுரம்."

"தூளு அடியில தங்கிடுச்சும்மா. ஆட்டாம விட்டேன். மேல வெறும் தண்ணி மாதிரி வந்துச்சு."

"அப்போ வாடினது அவர் இல்ல."

"இல்லம்மா. அவருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எப்படி ஆட்டணும்?"

கழற்றிக் கொடுத்தேன். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மெதுவா என்றேன். நான் சொன்னதைவிட மெதுவாக ஆட்டினாள். ஒவ்வொன்றையும் வெகுநேரம். இவளிடம் வந்தவர்கள் எல்லோரும் என்ன சொல்லியிருப்பார்கள்? கலங்காதே, மனசு தெளிஞ்சு வா. நானும் அதைத்தான் சொன்னேன். தெளிந்த இங்க்கில் ஒரு முகமும் பிழைக்காது என்று இந்தக் கண்ணால் வாரா வாரம் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

படம் வந்தது. கண் வந்தபோது நான் முன்பக்கம் போகவில்லை.

"இதுதான் அப்பா" என்றாள். "எவ்ளோ போட முடியும்?"

இங்க் தீரும் வரை என்றேன். மிகைப்படுத்தாமல் சொன்னேன். தீரும் வரை போட்டோம்.

மே 30, சனி

மழை. பேருந்து நிறுத்தத்தில் ஒட்டியதைப் போய்ப் பார்த்தேன். காகிதம் ஓரத்தில் சுருண்டிருக்கிறது. முகம் கரையவில்லை. குடத்துத் தண்ணீரைக் கொட்டினாலும் இந்த இங்க் கரையாது. தண்ணீரில் கரையாமல் அடியில் போய் உட்காரும் அதன் பிடிவாதத்தை இன்றுதான் மன்னித்தேன். கீழே அவளுடைய நம்பர், என்னுடைய நம்பர். "காணவில்லை" என்று கொட்டை எழுத்து. அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்.

வீட்டுக்காரி ஒரு கட்டு எடுத்துப்போய் மருந்து வண்டிக்காரரிடம் கொடுத்தாள். அவர் வெளியூர் ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் மருந்து இறக்குகிறவர். மருந்துப் பெட்டியோடு ஒவ்வொரு இடத்திலும் ஒன்று கொடுக்கச் சொன்னாளாம். எனக்கு இது தோன்றவில்லை. எனக்குச் சீட்டாட்டம்தான் தோன்றும்.

ஜூன் 12, வெள்ளி

தகவல் ஒன்றும் இல்லை. ஆட்டினோம். போட்டோம். அவள் பேசுவதில்லை. ஆட்டுகிறபோது மட்டும் உதடு அசைகிறது.

ஜூன் 19, வெள்ளி

ஒரு போன். வேறு யாரோ. வயது கேட்டதும் இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த ஆளுக்கும் ஒரு வீடு இருக்கும்.

ஜூன் 23, செவ்வாய்

இன்று கூப்பிட்டது ஒரு நர்ஸ். வெளியூரில் ஆதரவற்றவர்களுக்கான விடுதி. மருந்துப் பெட்டியோடு வந்த படத்தை மருந்தறைக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். துணி துவைக்கிற அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம மஃப்ளர்காரர்" என்றாராம்.

"தாடி இருக்கு சார், இளைச்சிருக்கார். ஆனா புருவம் அதேதான். நடுவுல ஜுரம் வந்து ரொம்பக் கஷ்டப்பட்டார். இப்போ தேவலை."

ரிசீவரை மேஜை மேல் வைத்துவிட்டேன். மறுபடி எடுத்தேன். விலாசம் எழுதிக்கொண்டேன்.

ஜுரம் எந்த மாதம் என்று நான் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. வாழ்நாள் முழுக்க அண்டப்புளுகு புளுகியவன் நான். ஒன்றுகூட என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை. இது பார்த்தது.

ஜூன் 24, புதன்

அவள் விடியற்காலைப் பேருந்தில் போயிருக்கிறாள். வீட்டுக்காரி கூடப் போயிருக்கிறாள். நான் வருகிறேன் என்றதற்கு இரண்டு பேரும் சேர்ந்து வேண்டாம் என்றார்கள்.

ஜூன் 25, வியாழன்

அழைத்து வந்துவிட்டார்கள். வீட்டுக்காரி சொன்னது இவ்வளவுதான்: "அவளை யாரோ டீச்சர்னு நினைச்சுக்கிட்டார். கையைப் பிடிச்சதும் எழுந்து வந்துட்டார்."

சீட்டாடினாரா என்ற கேள்வி வாய் வரை வந்தது. அடக்கினேன். சரித்திரத்தில் முதல் முறை.

ஜூலை 17, வெள்ளி

காலையில் கார்ட்ரிட்ஜ்களை ஆட்டி மாட்டினேன். வாரப் படத்துக்கு இப்போது தையல்காரரின் கடையில் அடுக்கியிருக்கும் நூல்கண்டுகள். எல்லா நிறமும் இருக்கின்றன, யாருக்கும் கண் இல்லை. கண்ணாடிக்குள் மாட்டிக்கொண்டிருந்தபோது பேருந்து வந்து நின்றது.

அவள் உள்பக்க இருக்கையில் குனிந்து, பக்கத்தில் இருந்தவரின் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. ஜன்னலோரத்தில் ஒரு பெரியவர். தாடி எடுத்தாயிற்று. நான் இத்தனை வெள்ளிக்கிழமைகளில் போட்ட எந்தப் படத்திலும் இல்லாத நிறம்.

கையை உயர்த்தினேன். அவர் பார்த்தார். யாரோ கடைக்காரன் யாருக்கோ கையசைக்கிறான் என்று பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நியாயம்தான். நாங்கள் சந்தித்ததே இல்லை.